வாசகர் என்று யாரைச் சொல்கிறோம்? – கறுப்பின மக்கள் தாங்களே அச்சிட்ட கதைகளும் படித்தவர்களின் தீர்ப்பும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் சாதனைகளைப் பட்டியலிட்டுத் தொடங்குவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் தோழர் அதை விரும்பியிருக்கமாட்டார். கூட்டத்தில் யார் பேசினார்கள் என்பதைவிட, கேட்டவர்கள் வெளியே போகும்போது என்ன சொல்லிக்கொண்டு போனார்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை. அந்த அக்கறையை ஒட்டியே இன்றைய தலைப்பைத் தேர்ந்துகொண்டேன். எழுதியவர்களின் வரலாறு நம்மிடம் ஓரளவு இருக்கிறது. படித்தவர்களின் வரலாறு இல்லை. அதிலும், மதிப்பில்லாத கதைகள் என்று ஒதுக்கப்பட்ட துப்பறியும் கதை, காதல் தொடர், குற்றக் கதை, விஞ்ஞானக் கதை ஆகியவற்றைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குப் பதிவே கிடையாது.

இதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தை வைத்துப் பேசப்போகிறேன். அந்த உறவு நமக்குப் புதிதல்ல. 1873இல் ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். அவர்களின் போராட்டத்தையும் கவிதையையும் வாசித்திருக்கிறோம். அவர்கள் பொழுதுபோக்காகப் படித்த கதைகளையும், அவற்றைப் பற்றித் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டைகளையும் நாம் வாசித்ததில்லை. நமக்கு உதவக்கூடிய பாடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஒரு புள்ளிவிவரம். அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில், அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. 1870 கணக்கெடுப்பின்போது கறுப்பினத்தவரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1900இல் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரே தலைமுறையில் லட்சக்கணக்கான புதிய வாசகர்கள் உருவானார்கள். வடக்கே நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இருந்த பெரிய பதிப்பகங்களின் கண்ணில் இவர்கள் படவே இல்லை. கறுப்பர் புத்தகம் வாங்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தீர்ந்துபோன விஷயம்.

அந்த முடிவை ஏற்காத ஒருவர் சட்டன் கிரிக்ஸ். டெக்சாஸில் பிறந்த பாப்டிஸ்ட் போதகர். 1899இல் ‘இம்பீரியம் இன் இம்பீரியோ’ என்ற நாவலை வெளியிட்டார். டெக்சாஸ் மண்ணுக்குள்ளேயே கறுப்பர்கள் ரகசியமாக ஓர் அரசாங்கம் நடத்துகிறார்கள் என்பது கதை. அரசுக்குள் ஓர் அரசு. சதி, சத்தியம், துரோகம் என்று விறுவிறுப்பான சாகசக் கதைக்குரிய எல்லாம் அதில் உண்டு. 1901இல் நாஷ்வில் நகரில் ஓரியன் என்ற பெயரில் சொந்தமாகவே பதிப்பகம் தொடங்கினார். புத்தகங்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். வாங்குபவரின் முகத்தைப் பார்த்து, போன புத்தகம் எப்படி இருந்தது என்று வாசலிலேயே கேட்கக்கூடிய எழுத்தாளர் அவர். இப்படி விற்றுப் பணக்காரர் ஆகவில்லை. பட்ட சிரமங்களை 1914இல் தனி நூலாகவே எழுதினார். ஆனால் கறுப்பின மக்களையே வாசகர்களாக முன்னிறுத்தி, அவர்கள் வாசலுக்கே போய் விற்ற தொடக்ககால நாவலாசிரியர்களில் அவர் ஒருவர். அந்த வாசல்களில் என்ன பேசப்பட்டது என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஏட்டில் ஏறிய ஓர் உரையாடலுக்கு வருகிறேன். 1900இல் பாஸ்டன் நகரில் ‘கலர்டு அமெரிக்கன் மேகசின்’ என்ற மாத இதழ் தொடங்கியது. நடத்தியது கறுப்பினத்தவரின் கூட்டுறவுப் பதிப்பகம். அதன் தூண்களில் ஒருவர் பாலின் ஹாப்கின்ஸ் என்ற பெண். ஆசிரியர் குழுவில் வேலை செய்துகொண்டே, அதே இதழில் மூன்று தொடர்கதைகள் எழுதினார். ‘ஹேகரின் மகள்’ என்ற முதல் தொடரைத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு, சாரா ஆலன் என்ற புனைபெயரில் எழுதினார். அதில் வீனஸ் ஜான்சன் என்ற கறுப்பினப் பணிப்பெண் வருகிறாள். ஆண் வேடமிட்டுக் கிளம்பி அவளே துப்புத் துலக்குகிறாள். ஒரு வேலைக்காரப் பெண்ணைத் துப்பறிபவளாக்கிப் பார்க்க 1901இல் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். மூன்றாவது தொடரான ‘ஒரே இரத்தம்’ ஆப்பிரிக்காவில் மறைந்து வாழும் பழம்பெரும் நகரம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் கதை. இன்று ஆய்வாளர்கள் இதைக் கறுப்பின விஞ்ஞானக் கதைகளின் தொடக்கங்களில் ஒன்றாக வைக்கிறார்கள்.

1903 மார்ச் இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் கொர்னீலியா கொண்டிக்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, சந்தாதாரர். அவர் சொன்னதன் சாரம் இது: உங்கள் தொடர்கதைகள் எல்லாமே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதலைப் பற்றியே இருக்கின்றன. உங்கள் இனத்துக்குள்ளேயே உயர்ந்த காதல் ஒன்றை உங்கள் எழுத்தாளர்களால் கற்பனை செய்ய முடியாதா? இத்தகைய கதைகள் வெள்ளை வாசகருக்குப் பிடிக்காது, கறுப்பு வாசகரை உயர்த்தவும் செய்யாது.

கடிதம் மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நன்மை செய்யும் எண்ணமும் அதில் தெரிகிறது. ஆனால் ‘உங்கள் சாதிக்குள்ளேயே காதலிக்கக்கூடாதா’ என்ற கேள்வியை எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஹாப்கின்ஸ் கடிதத்தை முழுசாக அச்சிட்டு, கீழேயே பதிலும் எழுதினார். ஆதிக்க இனம் எங்கள் வழியில் போடும் தடைகளைக் காட்டுவதற்காகவே என் கதைகளைத் திட்டமிட்டு எழுதுகிறேன் என்றார். கலப்பு மணத்தைச் சட்டம் தடுக்கிறது, ஆனாலும் கலப்பினக் குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்கிறார்கள், வெள்ளையரின் பங்கில்லாமல் அது எப்படி நடக்கும் என்று திருப்பிக் கேட்டார். கடைசியில், இந்த விமர்சனம் வந்ததில் மகிழ்ச்சி என்றார். கறுப்பர்களுக்கு எது பிடிக்கும் என்பது வெள்ளையருக்குப் புரிவதில்லை என்பதை இது முன்னைவிடத் தெளிவாகக் காட்டுகிறதாம்.

இந்த ஒரு பக்கத்தை நான் பெரிய ஆவணமாகக் கருதுகிறேன். அங்கே மோதிக்கொள்வது கதையின் தரம் பற்றிய இரண்டு அபிப்பிராயங்கள் மட்டுமல்ல. வாசகர் சார்பாகப் பேசும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு. கொண்டிக்ட் தனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஒரு வாசகரின் கருத்து. கறுப்பு வாசகரை எது உயர்த்தும் என்பதையும் அவரே முடிவு செய்தார். ஹாப்கின்ஸ் மறுத்தது அந்த முடிவைத்தான்.

ஆனால் அந்த இதழ் ஹாப்கின்ஸின் கையில் நிலைக்கவில்லை. வெள்ளையரோடு இணங்கிப் போகவேண்டும் என்ற கொள்கையில் இருந்த புக்கர் டி. வாஷிங்டனின் மறைமுக ஆதரவோடு 1904இல் இதழ் கைமாறியது, அலுவலகம் நியூயார்க்குக்குப் போனது, ஹாப்கின்ஸ் வெளியேறினார். உடல்நலக் குறைவு என்று காரணம் சொல்லப்பட்டது. அவருடைய போக்கு போதிய அளவு இணக்கமாக இல்லாததே காரணம் என்று டூபாய்ஸ் 1912இல் எழுதினார். அந்த இதழும் 1909இல் நின்றது. ஹாப்கின்ஸ் பின்னாளில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்து, 1930இல் தீக்காயத்தால் இறந்தார். அவருடைய தொடர்கதைகள் புத்தகமாக வர 1988 ஆகிவிட்டது. ஏறத்தாழ 85 ஆண்டுகள். நம்மவர்கள் சொந்தமாக நடத்திய இதழ்களின் கதையை அறிந்த எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

அடுத்த கட்டம் 1930கள். கறுப்பினத்தவர் நடத்திய ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற வார இதழ் நாடெங்கும் போனது. ரயிலில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் கறுப்பின நாளேடுகளையும் வார ஏடுகளையும் கட்டுக்கட்டாகத் தெற்கே கொண்டுசேர்த்த காலம் அது. ஒரு பிரதி பல கை மாறும். முடிதிருத்தும் கடையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள். அந்த இதழில் 1936 முதல் 1938 வரை சாமுவேல் புரூக்ஸ் என்ற பெயரில் ஒரு தொடர்கதை வந்தது. பெல்சிடஸ் என்ற கறுப்பின மருத்துவர், உலகெங்கும் உள்ள கறுப்பின அறிஞர்களைத் திரட்டி, விஞ்ஞானத்தின் துணையோடு ஐரோப்பியரை விரட்டி ஆப்பிரிக்காவை மீட்கிறார். எத்தியோப்பியா மீது முசோலினி 1935இல் படையெடுத்த காயம் ஆறாத நேரம். மக்கள் அந்தத் தொடரை அப்படி விரும்பிப் படித்தார்கள்.

அதை உண்மையில் எழுதியவர் ஜார்ஜ் ஸ்கைலர், பெயர்பெற்ற நையாண்டி எழுத்தாளர். வாசகர்களின் உற்சாகத்தைக் கண்டு அவருக்கு வேடிக்கையாக இருந்தது. இது கூலிக்கு எழுதிய சரக்கு, வெறும் ஜிகினா என்ற பொருளில் ஒரு சக பத்திரிகையாளருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதினார். எழுதியவருக்கே தன் கதைமேல் மரியாதை இல்லை. படித்தவர்களுக்கு இருந்தது. யார் சரி? கதையின் நடை மட்டம் என்று ஸ்கைலர் சொன்னால் அதை நான் மறுக்கமாட்டேன். சொந்த மண் கண்ணெதிரே பறிபோவதைச் செய்தித்தாளில் படித்தவர்கள், அதே தாளின் இன்னொரு பக்கத்தில் மண் மீட்கப்படுவதைப் படித்தார்கள். அவர்கள் தங்கள் கோபத்துக்கு ஒரு வடிவம் தேடினார்கள். அது அகப்பட்ட இடம் ஒரு மலிவுத் தொடர்கதை. ‘கறுப்புப் பேரரசு’ என்ற தலைப்பில் அது 1991இல் நூலாக வந்தபோதுதான் ஆய்வாளர்கள் அதைக் கவனித்தார்கள். அந்த ஊகத்தை வாசகர்கள் 54 ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தார்கள்.

இதே காலத்தில் வேறொரு வாசகர் உலகமும் உருவாகிக்கொண்டிருந்தது. 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற விஞ்ஞானக் கதை இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களோடு அவர்களின் முகவரியும் அச்சானது. வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். பிறகு சங்கம் வைத்தார்கள், கைக்காசு போட்டுச் சிறு இதழ்களை நகலெடுத்து அஞ்சலில் அனுப்பினார்கள். கதையைப் பற்றிய விவாதத்துக்காகவே வாசகர்கள் நடத்திய இதழ்கள் அவை. 1929 டிசம்பரில் நியூயார்க்கில் ‘சயின்சியர்ஸ்’ என்ற சங்கம் உருவானது. நேரில் கூடிய விஞ்ஞானக் கதை வாசகர் சங்கங்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அதன் முதல் தலைவர் வாரன் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பினத்தவர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளை இளைஞர்கள். கூட்டம் நடந்தது அவருடைய வீட்டில்.

இந்தச் செய்தி பெரிதாகப் பேசப்படாமல் போனதற்குக் காரணம் உண்டு. கடிதத்துக்குத் தோல் நிறம் கிடையாது. கிடையாது என்பதாலேயே, எழுதியவர் வெள்ளையர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சாதியைக் குறிப்பிடாத எழுத்தைப் படிக்கும்போது எழுதியவர் ‘பொதுவானவர்’ என்று நம் சூழலில் எடுத்துக்கொள்வதில்லையா, அதைப்போல.

அந்த எடுகோள் என்ன செய்யும் என்பதை 1967இல் பார்க்கலாம். சாமுவேல் டிலேனி அப்போதே விருது வாங்கியிருந்த இளம் கறுப்பின எழுத்தாளர். தன் ‘நோவா’ நாவலைத் தொடராக வெளியிட முடியுமா என்று அறிய, செல்வாக்கு மிகுந்த ‘அனலாக்’ இதழுக்கு அவருடைய முகவர் அனுப்பினார். ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்தார். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கறுப்பினக் கதாநாயகனோடு என் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று காரணம் சொன்னார். டிலேனியே இதை 1998இல் எழுதிய கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்.

ஆசிரியர் தன் பெயரில் மறுக்கவில்லை. வாசகர் பெயரில் மறுத்தார். வாசகரிடம் யார் கேட்டார்கள்? ‘நோவா’ 1968இல் வேறு பதிப்பகத்தில் நூலாக வந்தது. மறு ஆண்டு ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த விருதுக்கு முன்மொழிவதும் வாக்களிப்பதும் ஆசிரியர்களோ பேராசிரியர்களோ அல்ல. மாநாட்டுக்குக் கட்டணம் கட்டிய வாசகர்கள். நேரடியாகக் கேட்டபோது வாசகர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். ஈ. லின் ஹாரிஸ் கணினி விற்பனையாளராக இருந்தவர். தன்பாலின ஈர்ப்பைப் பேசும் காதல் நாவல் ஒன்றை எழுதினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1991இல் சொந்தக் காசில் அச்சிட்டு, கறுப்பினப் பெண்கள் நடத்திய அழகு நிலையங்களிலும் கறுப்பினத்தவரின் புத்தகக் கடைகளிலும் கொண்டுபோய் வைத்தார். தலைமுடி காயும் நேரத்தில் படித்த பெண்கள் அடுத்த நாற்காலிக்காரியிடம் சொன்னார்கள். வாசகர் வட்டங்கள் அவரை அழைத்தன. 1994இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதே நாவலை மறுபதிப்பு செய்தது. 1990களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் டெரி வுட்ஸ் தன் நாவலைக் கார் டிக்கியில் வைத்து விற்றார். சிறையில் இருந்தபோது நாவல் எழுதிய விக்கி ஸ்டிரிங்கர், பதிப்பகங்கள் மறுத்த பின் 2001இல் தானே வெளியிட்டு, ஒஹையோவில் ‘டிரிப்பிள் கிரவுன்’ என்ற பதிப்பகத்தையும் நிறுவினார். ஹார்லெமின் 125ஆம் தெருவில் நடைபாதை மேசைகளில் இந்தப் புத்தகங்கள் குவிந்தன. போதைப்பொருள் வியாபாரம், கும்பல், துரோகம், காதல், சிறை — தெருக் கதைகள் என்றே இவற்றுக்குப் பெயர் நிலைத்தது. சிறைக்குள்ளும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 2006 ஜனவரியில் நிக் சைல்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் கடுமையான கட்டுரை எழுதினார். ஒரு பெரிய புத்தகக் கடையில் கறுப்பின இலக்கியப் பிரிவுக்குப் போனால் அட்டையில் அரைகுறை உடையோடு பெண்கள்தான் தெரிகிறார்கள், நம் முன்னோடிகளின் நூல்களோடு இந்தக் குப்பையை அடுக்கியிருக்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பது அவருடைய வருத்தம்.

அந்த வெட்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். நூறு ஆண்டுகள் போராடி ஓர் அலமாரியைப் பெற்ற சமூகத்தில் பிறந்தவரின் பதற்றம் அது. அந்த நாவல்கள் பலவற்றில் பெண்கள் நடத்தப்படும் விதம் எனக்கும் ஏற்புடையதல்ல. ஆனால் அந்த விவாதத்தில் யாருடைய குரல் இல்லை என்று பாருங்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் இளம் கறுப்பினப் பெண்கள். ஃபிலடெல்ஃபியாவில் நூலகராக இருந்த வெனஸ்ஸா இர்வின் மாரிஸ் அவர்களைத் திட்டவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளைக் கூட்டி, தெருக் கதைகளுக்கென்றே வாசகர் வட்டம் நடத்தினார். அந்த அனுபவத்திலிருந்து நூலகர்களுக்கான வழிகாட்டி நூலை 2011இல் வெளியிட்டார். ஒரு பிள்ளை கதையில் வரும் தெருவைத் தன் தெருவோடு ஒப்பிட்டு, இது பொய், இப்படி நடக்காது என்று சொல்லும்போது அங்கே விமர்சனம் பிறந்துவிடுகிறது. அதைக் கேட்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நூறு ஆண்டுக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். இதில் ‘வாசகர்’ என்ற சொல் மூன்று பேர் கையில் இருந்ததைப் பார்த்தோம். நன்மை செய்ய வந்த கொண்டிக்ட், வாசகரை எது உயர்த்தும் என்று சொன்னார். அதிகாரத்தில் இருந்த கேம்ப்பெல், வாசகரால் எது முடியாது என்று சொன்னார். சொந்த இனத்து சைல்ஸ், வாசகர் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்று சொன்னார். மூவரின் நோக்கமும் வேறு. மூவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஆனால் மூவருமே வாசகருக்குப் பதிலாகப் பேசினார்கள்.

ஒடுக்கப்பட்ட ஒருவர் ஒரு கதையைப் பற்றி ‘நல்லா இல்ல’ என்று சொல்வது சின்ன விஷயமல்ல. கோயிலில், பஞ்சாயத்தில், வகுப்பறையில், வேலை செய்யும் இடத்தில் தீர்ப்பு எப்போதும் அவர்மீது சொல்லப்படும். அவர் தீர்ப்புச் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு. இரண்டு ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்த நாவலைப் பற்றி அவர் சொல்லும் கருத்து அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று. எழுதும் உரிமையைக் கேட்டுப் பெற்றோம். மதிப்பிடும் உரிமை அதற்கு அடுத்த படி. அந்தப் படியில் நம் மக்களை நாமே ஏறவிடாமல் நிற்கக்கூடாது.

இந்த மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். நம் பிள்ளைகள் இன்று தன்வரலாறும் கவிதையும் மட்டும் எழுதவில்லை. பேய்க்கதை எழுதுகிறார்கள், கொலைக் கதை எழுதுகிறார்கள், எதிர்காலச் சேரியைக் கற்பனை செய்கிறார்கள். கடன் வாங்கி இருநூறு, முந்நூறு பிரதி அச்சிட்டுப் பையில் போட்டுக்கொண்டு கூட்டங்களுக்கு வருகிறார்கள். வலியைச் சொல்லும் எழுத்து மட்டும்தான் தலித் எழுத்து என்று நாம் அவர்களைத் திருப்பி அனுப்பினால், ‘என் வாசகர்களால் ஒன்ற முடியாது’ என்று சொன்ன ஆசிரியரின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று பொருள்.

அந்த நூல்களை வாங்கி நம் ஊர்களின் வாசிப்பு மையங்களில் வையுங்கள். படித்தவர்களை உட்காரவைத்துப் பேசவிடுங்கள். கட்டடத் தொழிலாளி, தூய்மைப் பணியாளர், கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி என யாராக இருந்தாலும், சொன்னதைச் சொன்னபடியே எழுதி, ஊரும் தேதியும் போட்டு வையுங்கள். நம் இதழில் நான்கு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள். திட்டுகிற கடிதத்தை முதலில் அச்சிடுங்கள். ஹாப்கின்ஸ் அதைத்தான் செய்தார். பிடிக்காத கடிதத்தைக் கிழித்துப் போடாமல் அச்சேற்றிப் பதில் சொன்னதால்தான், 1903இல் ஒரு கறுப்பினப் பெண் என்ன நினைத்தாள் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. அந்த இதழின் மற்ற ஆயிரக்கணக்கான வாசகர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நம் வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இன்று கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.